பந்து வேலிக்குள் விழுந்தால்? பிள்ளைகளுக்கு வெளியிட மின் பாதுகாப்பைக் கற்பிப்பது குறித்த விவாதம்

முல்லைக்கொடி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களில் விளையாட்டும் கைவேலையும் கற்றுத்தரும் குழு ஒன்றை நடத்தி வருகிறேன். வெளியிடங்களில் மின்சாரத்தால் நேரக்கூடிய ஆபத்துகளைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்குமாறு பெற்றோர் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக்கூடாது, பிளக் துளைக்குள் எதையும் நுழைக்கக்கூடாது என்பன போன்ற வீட்டு விதிகள் அவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். வெளியிடம் என்று வரும்போது எங்கே தொடங்குவது என்று எனக்கே பிடிபடவில்லை. மின்கம்பம், டிரான்ஸ்பார்மர், அறுந்து விழுந்த கம்பி, பட்டம், மின்னல், தண்ணீர் தேங்கிய சாலை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எத்தனை "செய்யாதே"க்களைக் கொடுத்தாலும் பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். அந்த ஒப்புவித்தல் ஆபத்து நேரத்தில் கைகொடுக்குமா என்பதுதான் என் ஐயம். காரணத்தை எவ்வளவு விளக்கலாம், எந்த அளவுக்குப் பயமுறுத்தலாம் என்று அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

கம்பியாளர்

மின் பகிர்மானப் பணியில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். பள்ளிகளில் பேச அழைக்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது, வீட்டில் கற்ற பாடத்தை அப்படியே வெளியே எடுத்துச் செல்லக்கூடாது என்பதைத்தான். வீட்டில் பிள்ளை பார்க்கும் ஒயர் பிளாஸ்டிக் உறை போட்டது. அதைத் தொட்டாலும் ஒன்றும் ஆவதில்லை என்பது அதற்குப் பழகிப்போன உண்மை. தெருவில் தலைக்கு மேலே செல்லும் கம்பிகளில் பெரும்பாலானவை வெற்றுக் கம்பிகள். சில இடங்களில் கறுப்பாக ஏதோ உறை தெரிந்தாலும், அது வெயிலையும் மழையையும் தாங்குவதற்காகப் போட்டதாக இருக்கலாமே தவிர, தொடுபவரைக் காப்பதற்கானது என்று நம்பிவிட முடியாது.

இரண்டாவதாக, இன்று பல வீடுகளில் மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் கருவி இருக்கிறது. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே அது நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தை நிறுத்திவிடும். தெருக் கம்பியில் அப்படி ஒரு காவல் கிடையாது. அங்குள்ள பாதுகாப்புக் கருவிகள் கம்பியையும் டிரான்ஸ்பார்மரையும் காப்பதற்காக அமைந்தவை; மனித உடல் வழியாகப் பாயும் மின்சாரம் அவற்றின் கணக்கில் வராத அளவுக்குச் சிறியது. ஆனால் அந்தச் சிறிய அளவே போதும். சுமார் 1 மில்லிஆம்பியரில் சுருக்கென்ற உணர்வு தெரியும். 10 மில்லிஆம்பியர் அளவில் தசைகள் இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகலாம். பிள்ளைகளுக்கு இந்த எல்லை இன்னும் குறைவு. நனைந்த உடலின் மின்தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் 230 மில்லிஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பங்கே போதும். டிரான்ஸ்பார்மருக்கு வந்து சேரும் கம்பியிலோ பெரும்பாலும் 11,000 வோல்ட் அல்லது அதற்கும் மேல்.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளிடம் இந்த எண்களைச் சொல்லலாம், நன்றாகவே பிடித்துக்கொள்கிறார்கள். சிறியவர்களுக்கு எண் வேண்டாம்.

நீலவானம்

இவ்வளவு விளக்கம் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. "தொட்டால் செத்துப்போவாய்" என்று ஒரே வரியில் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள்தான் நாம் எல்லோரும். பயம் இருந்தால் பிள்ளை அருகில் போகாது. விளக்கம் கொடுத்தால், "அப்படியானால் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு தொடலாமா" என்று எதிர்க்கேள்வி கேட்கும். கேட்பதோடு நிற்காமல் தொட்டும் பார்க்கும்.

தாழ்வாரம்

நீலவானம் அவர்களே, பயத்துக்கு ஓர் இடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. 1970களின் இறுதியில் பிரிட்டனில் மின் ஆபத்து குறித்துப் பிள்ளைகளுக்காகத் தயாரித்த விழிப்புணர்வுப் படங்களை அன்று பார்த்தவர்கள் இன்றும் நடுக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். அந்த அளவுக்கு மனத்தில் பதிந்தவை அவை. ஆனால் வெறும் பயத்தை மட்டும் ஊட்டினால் நேர்வது வேறு. மின்கம்பியில் காகம் உட்கார்ந்திருப்பதைப் பிள்ளை தினமும் பார்க்கிறது. "தொட்டால் செத்துப்போவாய்" என்றவர் பொய் சொல்லியிருக்கிறார் என்று ஒரு நாள் அது முடிவுகட்டிவிடும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதற்கும் மதிப்பிருக்காது.

ஆகவே காகத்தை நாமே முதலில் பேச்சுக்கு இழுத்துவிடுவது நல்லது. காகத்தின் இரண்டு கால்களும் ஒரே கம்பியில் இருக்கின்றன. இரு கால்களுக்கும் இடையே சொல்லத்தக்க மின்னழுத்த வேறுபாடு இல்லாததால் அதன் உடல் வழியாக மின்சாரம் பாய்வதில்லை. சிறகு விரித்து அடுத்த கம்பியையோ இரும்புக் கம்பத்தையோ தொட்டுவிட்டால் அந்தக் கணமே இறந்துபோகும். பெரிய சிறகுள்ள பறவைகள் கம்பிகளில் அடிபட்டு இறப்பது இதனால்தான். மண்ணில் நிற்கும் பிள்ளை எந்தக் கம்பியைத் தொட்டாலும், அதன் கால்கள் ஏற்கெனவே நிலத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது போதும். செருப்புக் கேள்விக்கும் பதில் உண்டு: ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்துக்கு முன்னால் செருப்பு ஒரு தடையே இல்லை.

அகல்விளக்கு

இதுவரை எழுதப்பட்ட அனைத்தும் சரியே. ஆனால் முல்லைக்கொடி அவர்கள் கேட்ட கேள்விக்கு விடை வேறெங்கோ இருப்பதாக எண்ணுகிறேன். பிள்ளை ஏன் டிரான்ஸ்பார்மர் வேலியைத் தாண்டுகிறது? மின்சாரத்தைப் பற்றித் தெரியாததால் அல்ல. மஞ்சள் முக்கோணத்துக்குள் மின்னல் வடிவம் போட்ட பலகையின் பொருள் பள்ளிக்குப் போகும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அது தாண்டுவது பந்துக்காக. அந்தப் பந்து பெரும்பாலும் இன்னொருவனுடையது. தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் ஏச்சு விழும். சுற்றி நிற்கும் நண்பர்கள் "சீக்கிரம் எடுடா" என்கிறார்கள். ஆபத்து தூரத்தில் எங்கோ தெரிகிறது, ஏச்சு பக்கத்தில் இருக்கிறது. கம்பியில் சிக்கிய பட்டத்துக்கும், வேலிக்கு அப்பால் ஓடிப்போன நாய்க்குட்டிக்கும் இதே கதைதான்.

எனவே என் பிள்ளைகளிடம் நான் விதியைச் சொல்வதற்கு முன்பு ஒரு வாக்குறுதியைக் கொடுத்திருக்கிறேன். மின்கம்பி, டிரான்ஸ்பார்மர், மின்பெட்டி இவற்றின் பக்கம் போய்விட்ட எந்தப் பொருளும் அந்த நிமிடமே தொலைந்துபோனதாகக் கணக்கு. அதற்காக யாரும் ஏச மாட்டார்கள், அடுத்தவர் பொருளாக இருந்தால் நான் பேசிக்கொள்கிறேன், வேறு வாங்கித் தருகிறேன். பிள்ளை செய்ய வேண்டியது வந்து சொல்வது மட்டும்தான். இந்த வாக்குறுதியைப் பெரியவர்கள் காப்பாற்றவும் வேண்டும். ஒருமுறை தொலைத்ததற்கு முகம் சுளித்தால், அடுத்த முறை வேலியைத் தாண்டிவிட்டு நம்மிடம் சொல்லாமல் மறைப்பார்கள்.

கம்பியாளர்

அகல்விளக்கு அம்மா எழுதியதைக் களத்தில் நான் பார்த்ததை வைத்து அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கூடுதலாக ஒன்று: மின் வழங்கல் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னால், இணைப்பைத் துண்டிக்க முடிகிற நேரத்தில் பந்தை எடுத்துத் தருவதும் உண்டு. உடனே கிடைக்காது, கிடைக்காமலும் போகலாம். பெரியவர்கள் தாங்களே குச்சியை நீட்டி எடுத்துக் கொடுக்கக்கூடாது. அதைப் பார்க்கும் பிள்ளை, குச்சி இருந்தால் எடுக்கலாம் என்றுதான் கற்றுக்கொள்ளும்.

பட்டத்துக்கு ஒரே விதி. நூல் கம்பியில் பட்டுவிட்டால் கையிலிருந்து விட்டுவிட வேண்டும், இழுக்கக்கூடாது. நனைந்த பருத்தி நூல் மின்சாரத்தைக் கடத்தும். உலோகத்தூள் பூசிய நூலோ கம்பியைப் போலவே நடந்துகொள்ளும். இழுக்கும்போது இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பொறி பறந்து, கம்பி அறுந்து விழவும் வாய்ப்புண்டு. மின்கம்பத்தைச் சாய்வாக இழுத்துப் பிடித்திருக்கும் ஸ்டே கம்பியில் தொங்கி ஆடுவதும் இதே வகை ஆபத்துதான்.

முல்லைக்கொடி

நன்றி. வாக்குறுதியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை; பெற்றோரையும் வகுப்புக்கு வரச்சொல்ல வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. சொல்லிக் கொடுப்பதற்கும் செய்து பழகுவதற்கும் உண்மையில் வேறுபாடு தெரிகிறதா? ஆபத்தான பொருளை வைத்துப் பழக்க முடியாதே.

மணல்வீடு

குழந்தைகளின் கற்றல் நடத்தை பற்றிப் படித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். பிள்ளைகள் துப்பாக்கியைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று கற்பிக்கும் முறைகளை அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பாடமாகக் கேட்ட பிள்ளைகள் "தொடக்கூடாது, விலகிச் செல்ல வேண்டும், பெரியவரிடம் சொல்ல வேண்டும்" என்று சரியாகவே ஒப்பித்தார்கள். நடித்துக் காட்டச் சொன்னபோது, செய்து பழகிய பிள்ளைகள்தான் அவ்வாறு நடந்துகொண்டார்கள். ஆனால் யாரும் கவனிக்கவில்லை என்று பிள்ளை நம்பும் உண்மைச் சூழலில், பழகியவர்களில் பலரும் தடுமாறினார்கள். அந்தச் சூழலிலேயே வைத்து மறுபடி பழக்கிய பிறகே நடத்தை மாறியது. மின் ஆபத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தும் என்பது என் கருத்து.

செய்து பழகுவதற்கு மின்சாரம் தேவையில்லை. ஒரு கயிற்றைத் தரையில் போட்டு, "இது அறுந்து விழுந்த கம்பி" என்று சொல்லிவிட்டு விளையாட்டைத் தொடரச் செய்யலாம். நான் பார்த்த வகுப்பு ஒன்றில் ஆசிரியை இதை அழகாகச் செய்தார். பிள்ளைகள் பந்தெறிந்து விளையாடிக்கொண்டிருந்தபோது, நான்கு நாற்காலிகளைச் சுற்றி நாடாவைக் கட்டி அதுதான் டிரான்ஸ்பார்மர் என்றார். ஒரு சுற்றில் வேண்டுமென்றே பந்தை நாடாவுக்குள் போட்டார். விதியைச் சற்றுமுன் உரக்கச் சொன்ன சிறுவனே முதலில் குனிந்து நாடாவுக்கு அடியில் கையை நீட்டினான். ஆசிரியை அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "நில், பின்னால் வா, போய்ச் சொல்" என்ற மூன்றையும் அவனைக்கொண்டே செய்ய வைத்தார். வகுப்பு முடியும் தறுவாயில், யாரும் எதிர்பாராத நேரத்தில் பந்து மறுபடியும் உள்ளே போனபோது, அவன் இரு கைகளையும் விரித்து மற்றவர்களைத் தடுத்து நிறுத்தினான். சில வாரங்கள் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் வேறோர் இடத்தில் இதையே திரும்பச் செய்வது அவசியம்.

கம்பியாளர்

கயிற்றுப் பயிற்சியில் ஒரு திருத்தம். கம்பியைத் தொடாமல் இருப்பது மட்டும் போதாது என்பதும் அதில் வர வேண்டும். அறுந்த கம்பி மண்ணைத் தொடும் இடத்திலிருந்து மின்னழுத்தம் எல்லாத் திசைகளிலும் பரவி, தூரம் கூடக்கூடக் குறைந்துகொண்டே போகிறது. அருகில் நிற்பவர் நீளமாக ஓர் அடி எடுத்து வைத்தால் முன்கால் ஓர் அழுத்தத்திலும் பின்கால் வேறோர் அழுத்தத்திலும் இருக்கும். அந்த வேறுபாடே ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கும் மின்சாரத்தை உண்டாக்கிவிடும். எனவே குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஏற்கெனவே அருகில் இருப்பதைத் தாமதமாகக் கவனித்தால் ஓடக்கூடாது. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையிலிருந்து தூக்காமல், சிறிது சிறிதாக நகர்த்தி விலக வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த நடை மிகவும் பிடிக்கும், போட்டி வைத்தே பழக்கலாம்.

அறுந்த கம்பியில் தீப்பொறி இல்லை, சத்தம் இல்லை என்பதால் அதில் மின்சாரம் இல்லை என்று ஆகிவிடாது. காய்ந்த மண்ணிலும் தார்ச்சாலையிலும் விழுந்தால், பாதுகாப்புக் கருவி இயங்கும் அளவுக்கு மின்சாரம் நிலத்துக்குள் பாயாமல் கம்பி உயிரோடேயே கிடக்கலாம். ஒருமுறை துண்டிக்கப்பட்டாலும், தற்காலிகக் கோளாறு சரியாகிவிட்டதா என்று பார்ப்பதற்காகச் சில நொடிகளில் தானாகவே மறுபடி இணைக்கும் கருவிகள் பல இடங்களில் இருக்கின்றன. கம்பி காரின் மேல் விழுந்தால் உள்ளேயே இருக்க வேண்டும். கார் தீப்பற்றினால் மட்டும், காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, அதே நடையில் விலக வேண்டும்.

வெண்கொக்கு

உயர்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். மின்னலைப் பற்றி யாரும் எழுதாததால் சேர்க்கிறேன். மின்னலும் மின்சாரமே என்று காட்ட பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1752இல் செய்த பட்டச் சோதனையைப் பாடநூல்கள் பெருமையாகச் சொல்லுகின்றன. இடிமழையில் பட்டம் விடுவது ஏதோ அறிவியல் சாகசம் என்ற எண்ணத்தோடு மாணவன் வகுப்பை விட்டுப் போகிறான். ஃபிராங்க்ளினின் பட்டத்தை மின்னல் நேரடியாகத் தாக்கியிருந்தால் அவர் உயிர் தப்பியிருப்பது அரிது என்பதையோ, அடுத்த ஆண்டே, 1753இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இதேபோன்ற ஆய்வில் ஈடுபட்ட கியார்க் ரிச்மன் என்ற அறிவியலாளர் மின்னல் தாக்கி இறந்ததையோ பெரும்பாலும் சொல்வதில்லை. ஃபிராங்க்ளினைச் சொல்லும் அதே மூச்சில் ரிச்மனையும் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி.

நடைமுறைக்கு: இடியோசை காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று பொருள். மழைத்துளி விழாத இடத்திலும் மின்னல் விழும். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். பிள்ளைகள் இதை விரும்பிச் செய்வார்கள். ஆனால் எண்ணுவது கட்டடத்துக்குள் போன பிறகுதான். சுவர்களும் கூரையும் உள்ள கட்டடம், இல்லையென்றால் உலோகக் கூரையுள்ள மூடிய கார். தனி மரத்தடியும் திறந்த பந்தலும் ஒதுங்குவதற்கு ஏற்றவை அல்ல; மரத்தில் விழும் மின்னல் பக்கத்தில் நிற்பவர்மேல் தாவும். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் ஆன பிறகே மீண்டும் மைதானத்துக்கு இறங்க வேண்டும். விளையாட்டை நிறுத்தும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடக்கூடாது, ஆட்டம் சூடுபிடித்திருக்கும்போது எந்தப் பிள்ளையும் நிறுத்தாது.

நீலவானம்

சரி, பயம் மட்டும் போதாது என்பதை ஏற்கிறேன். இன்னொரு கேள்வி. நண்பனுக்கு ஷாக் அடித்துவிட்டால் பிள்ளை என்ன செய்வது? காய்ந்த கட்டையால் தள்ளிவிட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதையாவது கற்பிக்க வேண்டாமா?

கம்பியாளர்

வேண்டாம் என்பேன். அந்த அறிவுரை வீட்டு மின்னழுத்தத்துக்கு, அதுவும் பெரியவர்களுக்கு, இணைப்பைத் துண்டிக்க வழியே இல்லாதபோது சொல்லப்பட்டது. தெருவில் கிடப்பது 230 வோல்ட் கம்பியா 11,000 வோல்ட் கம்பியா என்று பிள்ளையால் பிரித்தறிய முடியாது. உயர் அழுத்தத்தில் கட்டையும் காக்காது. மேலும், கட்டை எட்டும் தூரத்துக்குப் போவதற்குள்ளேயே நிலத்தின் மின்னழுத்தம் தாக்கிவிடும். ஒருவரைக் காப்பாற்றப் போய் அடுத்தடுத்து விழுந்தவர்களைப் பற்றிய செய்திகள் எந்த நாட்டிலும் புதிதல்ல. பிள்ளை செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, தொடாமல் நின்று, மற்றவர்களையும் தடுத்து, உரக்கக் கூப்பிட்டு, அவசர எண்ணை அழைப்பதுதான். நண்பனை விட்டுவிட்டு ஓடிவந்ததாக அந்தப் பிள்ளையை யாரும் பின்னர் குற்றம் சொல்லக்கூடாது. அகல்விளக்கு அம்மா சொன்ன வாக்குறுதியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்னல் தாக்கியவர் மட்டும் விதிவிலக்கு. அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. தொடலாம், முதலுதவி செய்யலாம். வளர்ந்த பிள்ளைகளுக்கு, நின்ற இதயத்தை மார்பை அழுத்தி இயக்கும் முதலுதவியை (சி.பி.ஆர்.) கற்றுத்தருவது நல்லதே.

தாழ்வாரம்

பதின்ம வயதினரைப் பற்றி ஒரு வார்த்தை. இவர்களுக்குப் பந்து ஒரு காரணமே அல்ல. புகைப்படமும் துணிச்சல் போட்டியும்தான் காரணங்கள். பல நாடுகளில் ரயில் பாதைக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் சரக்கு வண்டியின் மேல் படம் எடுக்க ஏறுபவர், கம்பியைத் தொடாமலேயே தாக்கப்படலாம். போதுமான அளவு நெருங்கினாலே மின்சாரம் காற்றைக் கிழித்துக்கொண்டு தாவிவிடும். "நான் தொடமாட்டேன், எனக்குத் தெரியும்" என்று சொல்லும் வயது அது. "தொடாதே" என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்களுக்குத் தொடாமலும் அடிக்கும் என்பது உண்மையிலேயே புதுச் செய்தியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சிறு வயதிலிருந்தே "நெருங்காதே" என்று பழக்கினால் இந்தச் சிக்கல் குறையும்.

அகல்விளக்கு

இன்னும் ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பூங்காவில் விளக்குக் கம்பத்தைத் தொட்டபோது சுருக்கென்றது என்று என் மகள் ஒருமுறை சொன்னாள். அருகில் இருந்தவர்கள் குழந்தையின் கற்பனை என்றார்கள். இப்படிச் சொல்லும்போது எவ்வளவு பொருட்படுத்த வேண்டும்?

கம்பியாளர்

முழுமையாகப் பொருட்படுத்த வேண்டும். சரிபார்க்க நீங்கள் தொட்டுப் பார்க்கவும் கூடாது. மண்ணுக்குள் ஓடும் கேபிளின் உறை பழுதாகியோ, கம்பத்தின் அடிப்பெட்டி மூடியில்லாமல் நீர் புகுந்தோ, எர்த் இணைப்பு அறுந்தோ இருந்தால் இரும்புக் கம்பத்தில் மின்சாரம் ஏறும். வெயில் நாளில் லேசாகச் சுருக்கென்ற கம்பம், மழை பெய்து தண்ணீர் தேங்கிய பிறகு உயிரைப் பறிக்கலாம். கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு மின் வழங்கல் நிறுவனத்தின் அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள், ஆள் வரும்வரை மற்ற பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். நீரூற்று, நீச்சல் குளம், தோட்டக் குழாய் ஆகியவற்றில் இத்தகைய உணர்வு தெரிந்தாலும் இதே நடவடிக்கைதான். குளத்தில் இருப்பவர்களை உலோக ஏணியைப் பிடிக்காமல் வெளியே வரச்சொல்லி, முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். உள்ளே குதித்து யாரையும் இழுக்கக்கூடாது.

முல்லைக்கொடி

வகுப்பை இரண்டாகப் பிரித்துவிட்டேன். முதல் நாள் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வருவார்கள். காகத்தைப் பற்றிய பேச்சு, வாக்குறுதி, நாடா விளையாட்டு, பாதம் ஒட்டிய நடை. சில வாரங்களுக்குப் பிறகு, சொல்லாமல் ஒரு நாள் மைதானத்தின் மூலையில் கயிற்றைப் போட்டு வைப்பேன். எண்களும் ரயில் கம்பியும் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். மரம் ஏறுவதைப் பற்றி மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஏறவே கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை.

கம்பியாளர்

ஏறட்டும். ஏறுவதற்கு முன் மரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து, கிளைகளுக்கு இடையிலும் உச்சிக்கு மேலும் கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்க்கப் பழக்குங்கள். இலை அடர்ந்த காலத்தில் கம்பி கண்ணில் படாது. அதனால் வரிசையில் உள்ள முந்தைய கம்பத்தையும் அடுத்த கம்பத்தையும் தேடி, அவற்றுக்கு இடையே மரம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நின்றால் வேறு மரம். பச்சை மரத்தில் ஓடும் சாறு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், கிளை கம்பியில் உரசிக்கொண்டிருந்தால் அடிமரத்தையும் தொடக்கூடாது.